பெயர் சொல்லி ஜெபித்தவர்

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் முதல் வாசலில் வடாபாவ் போடுகிறவர் வரை எல்லாரும் அவரை ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்கும் ஆன்ட்டிதான். இதில் இன்னொரு பெண்ணும் வருகிறாள். அவள் பெயரையும் எழுத மாட்டேன். அவள் பெயர் ஏற்கெனவே வேண்டிய மட்டும் சொல்லப்பட்டுவிட்டது.

ஆஸ்பத்திரி புனேயில், கட்கி பக்கம். கும்பகோணத்திலிருந்து வந்த நான் அங்கே கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். பழைய கேஸ் பேப்பர்களையெல்லாம் ஸ்கேன் செய்து கிளவுடுக்கு ஏற்றும் வேலை என் தலையில் விழுந்தது. கிளவுட் என்றால் என்ன என்று வார்டு ஆட்களுக்கு விளக்க வேண்டியிருந்தது. "நம்ம அலமாரியை வேற ஒருத்தர் வீட்டுல வாடகைக்கு வெச்சிருக்கோம், சாவி மட்டும் நம்மகிட்ட இருக்கு" என்று இந்தியில் சொல்லுவேன். பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். நோயாளியின் விவரம் வெளியே போகக் கூடாது, பாஸ்வேர்டைப் பகிரக் கூடாது, எழுந்து போனால் திரையைப் பூட்ட வேண்டும் என்று நான் கத்திக்கொண்டிருந்த அந்த வகுப்பில், குறிப்பெடுத்துக்கொண்ட ஒரே ஆள் ரெக்கார்டு ரூம் ஆன்ட்டி.

"தம்பி, தண்ணி குடிக்கப் போனாலும் பூட்டணுமா?"

"ஆமாம் ஆன்ட்டி."

"அச்சா. பூட்டிருதேன்."

அன்றிலிருந்து பூட்டினார். தண்ணீர் குடிக்கப் போனால் மட்டுமா, தும்மல் வந்து கைக்குட்டையை எடுக்கத் திரும்பினாலும் பூட்டிவிட்டுத்தான் தும்முவார். அவர் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்து கட்கியிலேயே தங்கிவிட்டார். ஆன்ட்டி பிறந்தது, படித்தது, கல்யாணமாகி விதவையானது எல்லாம் கட்கியில்தான். ஆனாலும் வாயைத் திறந்தால் தாமிரபரணித் தண்ணீர். நடுவில் இந்தியும் மராத்தியும் தாராளமாகக் கலந்திருக்கும்.

ஒரு நாள் எலும்பு டாக்டர் போனில் ஆன்ட்டியின் பாஸ்வேர்டைக் கேட்டார். தன்னுடையது பூட்டிக்கொண்டுவிட்டதாம், அவசரமாம். ஆன்ட்டி மராத்தியில், "மிளணார் நாஹி, சர்" என்றார். கிடைக்காது என்று அர்த்தம். டாக்டர் இறங்கியே வந்துவிட்டார். பொதுவாக அவர் நடந்து வந்தால் நர்சுகள் சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள். ஆன்ட்டி எழுந்து நின்று மரியாதையாக அதே மூன்று வார்த்தையை மறுபடி சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்று ரசித்தேன். இந்த ஆஸ்பத்திரியில் இன்னும் ஒரு டஜன் ஆன்ட்டிகள் இருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன் என்று என் மேலாளரிடம் அன்றே சொன்னேன்.

வம்பு பேசுகிற பழக்கமும் கிடையாது. கேன்டீனில் நர்சுகள் இந்த வார்டு, அந்த வார்டு என்று குரலைத் தாழ்த்தினால், ஆன்ட்டி டப்பாவை மூடிக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விடுவார். "பெறத்தியாரைப் பத்திப் பேசுதது பாவம் தம்பி" என்பார். வேஷம் கிடையாது. உள்ளபடியே அப்படித்தான் நம்பினார்.

ஸ்கேனர் காகிதத்தை இழுத்துக்கொள்ளும்போது அவர் உதடு அசைந்துகொண்டிருக்கும். முதலில் ஏதோ பாட்டு என்று நினைத்தேன். ஒரு நாள் பக்கத்தில் நின்றபோதுதான் காதில் விழுந்தது. "...இந்தக் கிட்னியைத் தொடும் ஆண்டவரே. பாவம், சின்னப் பிள்ளைங்க இருக்கு." உள்ளே போகும் ஒவ்வொரு கேஸ் பேப்பருக்கும் ஒரு ஜெபம். மராத்திக்காரர், முஸ்லிம், நம் ஆட்கள் என்ற வேற்றுமையெல்லாம் இல்லை. இந்த ஊர் வழக்கப்படி தன் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று மூன்றையும் விடாமல் சொல்லுவார்.

நான் சும்மா இருக்க மாட்டாமல் சீண்டினேன். "ஆண்டவருக்கு ஃபைல் நம்பர் போதாதா ஆன்ட்டி?"

"நம்பரு உங்க கிளவுடுக்கு. பேரு சொல்லிக் கூப்பிட்டாத்தான மனுசன் திரும்பிப் பாக்கான்? ஆண்டவருந்தான்."

சிரித்துவிட்டுப் போய்விட்டேன். நல்ல பதில் என்று மனைவியிடம்கூடச் சொன்னேன். மனைவி அப்போது பிரசவத்துக்காகக் கும்பகோணத்தில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது என்று டாக்டர் படுக்கையில் போட்டுவிட்டார். நான் இங்கே சோறும் இறங்காமல் திரிந்தேன். ஆன்ட்டி என் முகத்தைப் பார்த்துக் கேட்டார், சொன்னேன். மனைவியின் முழுப் பெயரையும் கேட்டுக்கொண்டார்.

கொஞ்ச நாள் கழித்துக் கட்கி பஜாரில் கொத்தமல்லி வாங்கிக்கொண்டிருந்தேன். முன்பின் தெரியாத ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதானப்பா ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் தம்பி? ஒய்ஃபுக்கு பிரஷர் குறைஞ்சுதா? நாங்கெல்லாம் தெனமும் பேரு சொல்லி ஜெபிக்கிறோம்." எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாஷை தெரியாத ஊரில், வாடகை அறையில் தனியாகக் கிடக்கிறவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அப்படிக் கிடந்தவனுக்குத்தான் தெரியும். அன்று ராத்திரியே மனைவிக்குப் போன் செய்து பெருமையாகச் சொன்னேன்.

அவள் கேட்டாள். "என் பிரஷர் எதுக்குங்க கொத்தமல்லிக் கடை வரைக்கும் போகணும்?"

அவளுக்கு எப்போதுமே என்னைவிடப் புத்தி ஒரு படி அதிகம். நான்தான் சிரித்து மழுப்பினேன்.

அந்த ஜெபக் குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆன்ட்டியின் சபைப் பெண்கள் வாரா வாரம் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். நோயில் இருக்கிறவர், வேலை போனவர், பிள்ளை இல்லாதவர் என்று ஒவ்வொருவரும் ஒரு பெயரைக் கொண்டுவருவார்கள். எல்லாரும் சேர்ந்து அந்தப் பெயரைச் சொல்லி அழுது மன்றாடுவார்கள். அங்கே கேட்டதை வெளியே போய் வம்பாகப் பேசுவதில்லை என்பது அவர்களுக்குள் கட்டுப்பாடு. அடுத்த ஜெபக் கூட்டத்தில் சொல்லலாம். அது வம்பில் சேராது.

அந்தப் பெண் என் அறைக்கு வந்தது மழைக்காலத்தில். நனைந்த குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். கட்கியில் தன் வீட்டு முன்னறையிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் நடத்துகிறாள். மராத்தியில் பாளணாகர் என்பார்கள். வேலைக்குப் போகும் அம்மாக்கள் காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு மாலையில் வந்து தூக்கிப்போவார்கள். அப்பா இல்லை. அவளும் அவள் அம்மாவும் அந்த வருமானத்தில்தான் சாப்பிட்டார்கள். அதைவிட, அவளுக்குப் பிள்ளைகள் என்றால் உயிர். பேசிக்கொண்டிருக்கும்போதே போனில் அவர்கள் படத்தைக் காட்டினாள்.

"அண்ணா, என் ஃபைலை யாரு ஓபன் பண்ணாங்கன்னு மாலும் படுமா உங்களுக்கு?" என்றாள். தெரியவருமா என்று கேட்கிறாள். தமிழ் அவளுக்குத் தட்டித்தடுமாறித்தான் வந்தது.

அவளுக்கு வலிப்பு. எங்கள் நரம்பு டாக்டர்தான் பார்க்கிறார். மாத்திரை ஆரம்பித்த பிறகு ஒரு தடவைகூட வரவில்லை. அம்மா எந்நேரமும் கூடவே இருப்பதால் இந்த வேலையைத் தாராளமாகச் செய்யலாம் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். அவள், அம்மா, டாக்டர் தவிர யாருக்கும் தெரியாது. அப்படியிருக்க, திடீரென்று பிள்ளைகள் ஒவ்வொன்றாக வராமல் நின்றுகொண்டிருந்தன. பாட்டி வந்திருக்கிறார், ஆபீஸ் பக்கத்திலேயே இடம் கிடைத்துவிட்டது என்று எல்லாருமே மரியாதையாகக் காரணம் சொன்னார்கள். ஒருத்தி மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டாளாம். என் பிள்ளையை நீ தூக்கி வைத்திருக்கும்போது வந்துவிட்டால் என்ன செய்வது என்று.

"நான் யாருக்கும் சொல்லலை அண்ணா. மம்மியும் சொல்லலை. ஹாஸ்பிடல்லேர்ந்துதான் போயிருக்கு."

எனக்கு முதலில் ரோஷம்தான் வந்தது. நான் கட்டிய வேலி அது. எதிரே உட்காரவைத்துக்கொண்டே பார்த்தேன். அவள் ஃபைலைத் திறந்தவர்கள் எல்லாருமே திறக்க வேண்டியவர்கள். டாக்டர், நர்ஸ், பழைய பேப்பரை ஏற்றிய ரெக்கார்டு ரூம். யாரும் பிரின்ட் எடுக்கவில்லை, எங்கேயும் அனுப்பவில்லை. "நம்ம பக்கம் எல்லாம் கிளீனா இருக்கும்மா" என்று சொன்னேன். அவள் திரையைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப கைசே?" என்றாள். அப்படியானால் எப்படி?

அவள் போன பிறகு டீ குடிக்கக் கீழே போனேன். ஆன்ட்டி இருந்தார். யாரிடமாவது புலம்ப வேண்டும் போலிருந்தது. ஆன்ட்டியை நான் சந்தேகப்படவே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பாளணாகர் பெண் வந்திருந்தாள், அவள் விவரம் வெளியே போயிருக்கிறது, எப்படி என்று புரியவில்லை என்றேன்.

ஆன்ட்டி டம்ளரை வைத்தார். "ஐயோ, அந்தப் பிள்ளையா? அவளுக்காகத்தான நாங்க எல்லாரும் ஜெபிச்சுக்கிட்டிருக்கோம்."

"எல்லாரும்னா?"

"நம்ம குழுதான். பேப்பரை ஏத்தும்போது பாத்தேன். மனசு தாங்கல தம்பி. கல்யாணம் ஆகாத பிள்ளை, தகப்பன் வேற இல்லை. நாந்தான் ஜெபத்துல வச்சேன்."

"ஆன்ட்டி, அதை வெளிய சொல்லக் கூடாதுன்னு..."

"நான் யாருகிட்டயும் சொல்லலயே! ஆண்டவர்கிட்டல்லா சொன்னேன்?"

கண்ணில் ஒரு துளி கள்ளம் இல்லை. குழுவில் யார் யார் என்று கேட்டேன். குழுவிலிருந்த ஒரு பெண்மணியின் பேத்தி அந்தப் பாளணாகரில்தான் இருந்தது என்று மெல்ல மெல்லத் தெரியவந்தது. அந்தப் பெண்மணி ஜெபத்தில் எல்லாரையும்விட அதிகமாக அழுதாராம். அந்த வாரமே பேத்தியையும் நிறுத்திவிட்டார்.

நான் எழுதிக் கொடுத்தேன். எழுதாமல் இருக்க முடியாது. நிர்வாக அதிகாரி படித்துவிட்டு, "சிஸ்டத்துல ஒண்ணும் ஆகலைல்ல?" என்று இந்தியில் கேட்டார். ஒன்றும் ஆகவில்லை என்றேன். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. அந்தப் பெண்ணுக்கு வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் போயிற்று. எதற்காக வருத்தம் என்று அதில் எங்கேயும் இல்லை. ஆன்ட்டியை ரெக்கார்டு ரூமிலிருந்து எடுத்துத் துணி ஸ்டோரில் போட்டார்கள். போர்வையும் தலையணை உறையும் எண்ணி அடுக்கும் வேலை. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது.

ஆன்ட்டி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. என்மேல் கோபமும் இல்லை. "நீ உன் கடமையைச் செஞ்ச. தப்புன்னா தப்புதான்" என்றார். ஆனால் அது எப்படித் தப்பு என்பது அவருக்குள் இறங்கவில்லை. நான் ஸ்டோருக்குப் போகும்போதெல்லாம் என்னை நிறுத்திவைத்துக் கேட்பார். "நோய்னு கேட்டா ஜெபிக்காம எப்படித் தம்பி இருக்க?" நான் விளக்குவேன். தலையாட்டுவார். கடைசியில் ஒரு நாள், பிள்ளைகள் நின்றுபோனதையும், அந்த வீட்டில் அடுத்த மாசத்துக்கு வழி தெரியாமல் இருப்பதையும் வெட்டவெளிச்சமாகச் சொல்லிவிட்டேன். ஆன்ட்டி போர்வை மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நாந்தான் கெடுத்தேன். நானே சரி பண்ணுதேன்" என்றார். "ஞாயித்துக்கிழமை சபைக்கு வா. நீயும் கேளு."

போனேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பாட்டு முடிந்ததும், சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் வரலாம் என்று போதகர் அழைத்தார். வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு ஆன்ட்டி எழுந்து போய் மைக்கைப் பிடித்தபோதுதான் என்ன நடக்கப்போகிறது என்று எனக்கு உறைத்தது. எழுந்தேன். ஓடிப்போய்த் தடுக்கவா முடியும்?

"சபையாருக்கு முன்னால என் பாவத்தை அறிக்கை பண்ணுதேன்" என்று ஆரம்பித்தார். பிறகு அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னார். அவள் அப்பா பெயரைச் சொன்னார். எந்தத் தெருவில் வீடு என்பதையும் சொன்னார். "அவளுக்கு வலிப்பு இருக்குன்னு ஆஸ்பத்திரிப் பேப்பர்ல பாத்து நான் வெளிய சொல்லிட்டேன். அது எம் பாவம். யாரும் அதை மனசுல வச்சுக்கிடாதீங்க. பிள்ளைகளைத் திரும்ப அவகிட்ட அனுப்புங்க." குரல் உடைந்து அழுதார். சபையே அழுதது. ஆண்கள் பக்கத்தில் அதுவரை ஒன்றும் தெரியாமலிருந்தவர்கள், யார், யார் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். பெண்கள் பக்கத்தில் நடு வரிசையில் இருந்த ஓர் அம்மா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கவாசல் வழியாக வெளியே போனார். அவர்தான் அந்தப் பெண்ணின் அம்மா, அவர்களும் அதே சபைதான் என்று பிறகு தெரிந்தது. பிறகு எல்லாரும் கையை உயர்த்தி அவள் பெயரைச் சொல்லி உரக்க ஜெபித்தார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் ஆன்ட்டியைப் பிடித்தேன். முகம் கழுவிவிட்ட மாதிரி தெளிந்திருந்தது. "சரி பண்ணிட்டேன் தம்பி" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்திவிட்டேன். "தெரியாதவங்களுக்கும் சேத்துச் சொல்லிட்டீங்களே ஆன்ட்டி!"

"பேரைச் சொல்லாம எப்படி மன்னிப்புக் கேக்க?" என்றார். சொல்லும்போதே அவர் பார்வை பக்கவாசல் பக்கம் போயிற்று. அங்கே யாரும் இல்லை. பைபிளோடு அந்த வாசல் வரை போய்த் தெருவை எட்டிப் பார்த்தார். அன்று அவருக்குப் புரிந்தது என்றே நினைக்கிறேன்.

பாளணாகரில் மிச்சமிருந்த பிள்ளைகளும் நின்றுவிட்டன. அம்மாவும் பெண்ணும் வீட்டைக் காலி செய்துகொண்டு தேஹு ரோடுக்குப் போனார்கள். அங்கே ராணுவ டிப்போவில் வேலை பார்க்கும் குடும்பங்கள் நிறைய. யாருக்கும் இவர்களைத் தெரியாது. மறுபடி ஆரம்பிக்கலாம் என்று ஒரு முன்னறையைப் பிடித்து, சுவரில் யானையும் கிளியும் வரைந்தார்களாம். இரண்டொரு பிள்ளைகளும் சேர்ந்தார்கள்.

ஒரு நாள் அவளே போன் செய்தாள். "அண்ணா, ஸ்டேஷன் வாசல்ல ஷேர் ஆட்டோவுக்கு நின்னுக்கிட்டிருந்தேன். ஒரு ஆன்ட்டி, எனக்கு அவங்களைத் தெரியவே தெரியாது, வந்து என் தலையில கை வெச்சாங்க. நீதானம்மா அந்தப் பாளணாகர் பொண்ணு, கட்கியிலேர்ந்து உன் பேரு வந்துச்சு, நாங்களும் ஜெபிக்கிறோம், இப்ப ஃபிட்ஸ் எப்படி இருக்குன்னு கேட்டாங்க. சப் கே சாம்னே அண்ணா. பக்கத்துல என்கிட்ட பேபியை விடற மம்மி நின்னாங்க." சப் கே சாம்னே என்றால் எல்லார் முன்னாலும். பிறகு தெளிவாகச் சொன்னாள். "உங்க ஆன்ட்டிகிட்ட சொல்லுங்க. எனக்காக ப்ரே பண்ண வேண்டாம். ப்ளீஸ். யாரும் பண்ண வேண்டாம்."

இதைப் போய்ச் சொல்லுவதைவிட வேலையை விட்டுவிடலாம் போலிருந்தது. ஆனாலும் போனேன். அப்போது ஆன்ட்டி ஓய்வு பெற்றுவிட்டார். வீட்டில் முறத்தில் கீரையைப் பரப்பி வைத்துக்கொண்டு ஆய்ந்துகொண்டிருந்தார். ஒன்று விடாமல் சொன்னேன். ஸ்டேஷன் வாசலைச் சொன்னேன், பக்கத்தில் நின்ற தாயைச் சொன்னேன், அவள் கேட்டுக்கொண்டதையும் சொன்னேன்.

"ஜெபிக்க வேண்டாம்னா சொன்னா?"

"ஆமாம் ஆன்ட்டி."

வேலையை மாற்றியபோது வராத கண்ணீர் அப்போது வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டார். ஆய்ந்த கீரையையும் தண்டையும் தெரியாமல் ஒன்றாகக் கலந்துவிட்டு, மறுபடி பிரிக்க ஆரம்பித்தார்.

"சரி. நான் நிறுத்திருதேன். அவகிட்ட சொல்லிரு."

நான் எழுந்தேன். "இரு" என்றார்.

"நான் நிறுத்திருவேன் தம்பி. தேஹு ரோட்டுல ஜெபிக்காகளே. ஊர்ல எங்க மைனி ஜெபிக்கா. துபாய்ல அவ மக, அங்க உள்ள சபைக்கெல்லாம் போன்ல அனுப்பியிருக்கா. எனக்கே தெரியாதவங்க எத்தனை பேரோ இப்ப அவ பேரைச் சொல்லிக்கிட்டிருப்பாக. அவுகளை யாரு போய் நிறுத்த?"

கீரையை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ கம்ப்யூட்டர்ல வேண்டாததை எல்லாம் அழிப்பேல்லா? இதை எப்படி அழிக்க? சொல்லு, செய்யுதேன்."

பதில் வரும் என்று நம்பி அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.